உவர்மலையா, உப்புவெளியா, பாலையூற்றா? திருகோணமலையில் காணி வாங்க முன்

திருகோணமலையில் காணி பார்க்கிறோம் என்று வாய் திறந்தால், எதிரில் இருப்பவர் முதலில் விலையைக் கேட்பதில்லை. "அங்க ஆர் ஆக்கள் இருக்கிறாங்கள்?" என்றுதான் கேட்பார். தண்ணீர், வீதி, பள்ளிக்கூடம் எல்லாம் அதற்குப் பிறகு. அந்தக் கேள்வியை நான் தள்ளிவிட மாட்டேன். 2006 ஏப்ரலில் சந்தையில் குண்டு வெடித்து, அதன் பின்னால் கடைகள் எரிந்ததைக் கண்ட ஊர் இது. ஆனால் மூன்று இடத்திலும் காணி பார்த்து, பாலையூற்றில் வாங்கி, வீடும் கட்டிக் குடியிருக்கிற அனுபவத்தில் சொல்கிறேன்: அந்தக் கேள்விக்கு இன்று கிடைக்கிற பதில் உங்கள் பிள்ளை வளர்ந்து வரும்போது அப்படியே இருக்காது. உறுதியில், அதாவது காணியின் உரிமைப் பத்திரத்தில், எழுதியிருப்பது இருக்கும். காணி பார்க்கிற முக்கால்வாசிப் பேர் இதைத் தலைகீழாகத்தான் செய்கிறார்கள்.

1981 கணக்கெடுப்பில் இந்த மாவட்டத்தில் மூன்று சமூகமும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. 2012இல் முஸ்லிம்கள் 40 வீதத்துக்கு மேல், தமிழர் 30 வீதத்துக்குச் சற்று மேல், சிங்களவர் 27 வீதமளவில். போர், இடப்பெயர்வு, வெளிநாட்டுப் பயணம், குடியேற்றம் என்று ஒவ்வொன்றும் தன் பங்குக்கு மாற்றியது. அரசியலும் அப்படித்தான். 2024 ஜூனில், இந்த மாவட்டத்தின் நீண்டகாலத் தமிழ் எம்.பி. சம்பந்தன் ஐயா காலமானார். அந்த நவம்பரில் நடந்த பாராளுமன்றத் தேர்தலில் மாவட்டத்தின் நாலு ஆசனத்தில் தேசிய மக்கள் சக்திக்கு 2, ஐக்கிய மக்கள் சக்திக்கு 1, தமிழரசுக் கட்சிக்கு 1. "எங்கட இடம்" என்று ஒருவர் ஒரு தெருவைக் காட்டும்போது, எந்த வருசத்துத் தெருவைக் காட்டுகிறார் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

உவர்மலை

எல்லோருக்கும் முதல் ஆசை இதில்தான். எனக்கும் இருந்தது. மேட்டு நிலம், காற்று, விவேகானந்தா கல்லூரி, ஆளுநர் செயலகம், பக்கத்திலேயே நகரம். படித்த ஆக்கள் இருக்கிற இடம் என்ற பெயர் வேறு. வடகிழக்கு மாகாணசபை இங்கிருந்து இயங்கிய காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வந்த உத்தியோகத்தர்களால் நிறைந்த பகுதி. 2006 அக்டோபரில் உயர்நீதிமன்றம் வடக்கு, கிழக்கு மாகாணங்களின் இணைப்பு செல்லாது என்றது, 2007 ஜனவரியில் இரண்டு மாகாணமும் பிரிந்தன. வடக்கின் அலுவலகங்கள் போக, ஆட்களும் போனார்கள். இன்றைக்கு அம்பாறையிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் வருகிற அதிகாரிகள் அதே வீடுகளில் வாடகைக்கு இருக்கிறார்கள். ஒரு நீதிமன்றத் தீர்ப்பு ஒரு மலையின் அயலை மாற்றிவிட்டது. யாரும் யாரையும் துரத்தவில்லை.

வாழ நல்ல இடம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் வாங்க முடிகிற அளவில் விற்பனைக்கு வருகிற காணி மிகக் குறைவு. வருவதும் நாலைந்து பேருக்குப் பிரிக்காத பங்காக வருகிறது. விலை பற்றிப் பேசத் தேவையில்லை.

உப்புவெளி, அலஸ்தோட்டம்

நிலாவெளி வீதியில் மூன்றாம் கட்டையைச் சுற்றியுள்ள பகுதி. கடல் பக்கம் போகப் போக விடுதி, உணவகம், வெள்ளைக்காரர். மே முதல் செப்டெம்பர் வரை ஆள் நடமாட்டம், பிறகு மாரி தொடங்கினால் பூட்டிய கதவுகள். முதலீடு என்று பார்த்தால் இதற்கு ஈடு இல்லை என்று தரகர்மார் சொல்கிறார்கள். இருக்கலாம். சுற்றுலா வியாபாரம் எனக்குப் பழக்கமில்லை, அதனால் அதில் தீர்ப்புச் சொல்ல வரமாட்டேன்.

எனக்குப் பயம் தந்தது வேறு. காட்டிய காணிகளில் பலதின் சொந்தக்காரர் கனடாவிலோ லண்டனிலோ. விற்பவர் கையில் இருப்பது அற்றோணித் தத்துவம், அதாவது சொந்தக்காரருக்காகச் செயற்பட எழுதிக் கொடுத்த அதிகாரப் பத்திரம். தந்தவர் உயிரோடு இருக்கிறாரா, அதை இரத்துச் செய்துவிட்டாரா என்று இங்கிருந்து பார்ப்பது லேசில்லை. ஒரு காணியில் அற்றோணித் தத்துவத்தில் இருந்த பெயரும் உறுதியில் இருந்த பெயரும் தகப்பன் பெயரில் ஒரு எழுத்து வேறு. "அது ஒண்டும் இல்ல அண்ணே, பிறகு திருத்தலாம்" என்றார் தரகர். நாங்கள் எழும்பி வந்துவிட்டோம். கடற்கரைக்கு அருகில் என்றால் இன்னொன்றும் இருக்கிறது: 1981ஆம் ஆண்டுக் கரையோரப் பாதுகாப்புச் சட்டப்படி, கரையிலிருந்து 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் கட்டுவதற்குத் தனி அனுமதி வேண்டும். காணியைக் காட்டுகிறவர் அலையைக் காட்டுவார், இதைச் சொல்ல மாட்டார்.

உறுதி என்ற ஒரே விஷயம்

இதில் கொஞ்சம் நீட்டித்தான் எழுத வேண்டும்.

எங்கள் குடும்பம் சம்பூர்ப் பக்கம். 2006இல் ஓடி, மட்டக்களப்பு, பிறகு கிளிவெட்டி முகாம் என்று வருசங்கள் போயின. அம்மா கொண்டு திரிந்த பையில் உடுப்பு பாதி, மற்றப் பாதி பழைய உர பாக்கின் பொலித்தீனில் சுற்றிய உறுதிகள். மடிப்பில் கிழிந்து, ஓரம் மஞ்சளாகி, நொத்தாரிசின் முத்திரை மட்டும் தெளிவாக இருக்கும். சம்பூரில் முதலீட்டுக்கென்று எடுத்த 818 ஏக்கரை 2015இல் விடுவித்தபோது எல்லோரும் ஒரே வரிசையில்தான் நின்றோம். உறுதி வைத்திருந்தவருக்கு எல்லை காட்டுவது மட்டும்தான் வேலை. மற்றவர்கள் சாட்சி தேடினார்கள். அந்த வரிசையில் நின்றவனுக்கு "ஆர் ஆக்கள்" என்ற கேள்வி இரண்டாவதாகத்தான் வரும்.

ஆக, பார்க்க வேண்டியது இவைதான். அறுதி உறுதியா (விலைக்கு எழுதியது), நன்கொடையா, சீதன உறுதியா என்று முதலில் கேளுங்கள். இவை எல்லாம் தனியார் காணி, கைமாற்றலாம். "பேர்மிட் காணி", "அளிப்புக் காணி" என்றால் நிலைமை வேறு. அவை அரசாங்கம் அனுமதிப்பத்திரத்திலோ அளிப்புப் பத்திரத்திலோ கொடுத்த காணிகள், 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருபவை. பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் விற்க முடியாது, சம்மதம் இல்லாமல் எழுதுகிற கைமாற்றத்தை நொத்தாரிசு அத்தாட்சிப்படுத்தவும் கூடாது. "எழுதித் தாறன், பிறகு மாத்தலாம்" என்று வெள்ளைத் தாளில் கையொப்பம் வாங்கித் தருகிறவர்களை இந்த ஊரில் நிறையக் காணலாம். அந்தத் தாளுக்கு வங்கியில் மதிப்பில்லை.

நம் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான் போகும். அளிப்புக் காணியில் பின்னுரித்தாளியை (தனக்குப் பிறகு காணி யாருக்கு என்று பெயர் குறிப்பிடுபவரை) நியமிக்காமல் ஒருவர் இறந்தால், 2022இல் சட்டத்தைத் திருத்தும்வரை ஆண்பிள்ளைக்கே முன்னுரிமை இருந்தது. மகளுக்குச் சீதனம் என்று நினைத்து ஆயுள் முழுக்கக் கட்டிய வீட்டுக்கு அண்ணனும் தங்கையும் கந்தோர் வாசலில் நிற்கிற காட்சி புதிதல்ல.

பிறகு காணிப் பதிவகத்தில் தேடல். குறைந்தது 30 வருசத்துக்குப் பார்க்கச் சொல்லுங்கள், வங்கியும் அதைத்தான் கேட்கும். இந்த ஊரில் அந்த 30 வருசத்துக்குள் இடப்பெயர்வு விழுந்திருக்கும். ஒரு கைமாற்றத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவே நீண்ட இடைவெளி இருந்தால், அந்த நேரம் காணியில் யார் இருந்தார்கள் என்று அயலில் கேளுங்கள். 10 வருசம் தடையில்லாமல் இருந்தவர் உரிமை கோரச் சட்டத்தில் இடமிருக்கிறது. போரால் தம் காணிக்குத் திரும்ப முடியாதவர்களைப் பாதுகாக்க 2016இல் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டி வந்தது. அரசாங்கம் எடுத்த காணியா என்பதும் முக்கியம். முத்துநகர்ப் பக்கம் 1984இல் துறைமுக அதிகாரசபைக்கென்று போன காணிகளில் பயிர் செய்தவர்கள் 2025இலும் வீதியில் நின்றார்கள்.

ஆருக்கு விற்பது என்ற கேள்விக்கும் உறுதிதான் பதில். சில சொந்தக்காரர் "நம்ம ஆக்களுக்கு மட்டும்தான் குடுப்பன்" என்பார்கள். தமிழர் காணி கைவிட்டுப் போகிறதே என்ற கவலை எனக்கும் உண்டு, அதை மறைக்க மாட்டேன். ஆனால் காணி கைவிட்டுப் போவது பெரும்பாலும் அடுத்த சமூகத்துக்கு விற்பதால் மட்டும் அல்ல. பங்கு பிரிக்காமல், இறந்தவரின் சொத்துக்கான மரணச்சாதன வழக்கு முடிக்காமல், பதியாமல் கிடக்கும்போதுதான் யாரும் வந்து கம்பி அடிக்கிறார்கள். சுத்தமான உறுதி இருந்தால் பிள்ளையின் படிப்புக்கு அடகு வைக்கலாம், விற்காமலே இருக்கலாம்.

பாலையூற்று

கண்டி வீதிப் பக்கம். கடல் காற்று இல்லை, மலை இல்லை, சுற்றுலாக்காரர் யாரும் படம் எடுக்க வருவதில்லை. வெயில் காலத்தில் புழுக்கம் அதிகம். இருந்தாலும் எனக்கு இந்த இடம் பிடித்துவிட்டது.

எங்களுக்குக் காட்டிய காணிகளில் வீதியை ஒட்டியவை பெரும்பாலும் தனியார் உறுதிக் காணிகள். சொந்தக்காரர் அதே ஒழுங்கையில் இருந்தார். எல்லைக்கல்லை அவரே மண்வெட்டியால் மண்ணை விலக்கிக் காட்டினார். நாலாவது கல்லின் மேல் அடுத்த வீட்டு முருங்கை வேர் ஏறியிருந்தது. அடுத்த வீட்டுக்காரரையும் கூப்பிட்டு வைத்துத்தான் நில அளவையாளர் அளந்தார். அவரும் வந்து நின்று, "சரி தம்பி, அதுதான் எல்லை" என்று சொன்னார். இந்த ஒரு வாக்குக்கு எவ்வளவு பெறுமதி என்பது வேலிச் சண்டை போட்டவருக்குத் தெரியும். உள்ளுக்குப் போகப் போக, அன்புவழிபுரம் பக்கமெல்லாம், பேர்மிட்டும் அளிப்பும் கலந்து காட்டினார்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

அயல் என்று பார்த்தால், இங்கே சைவரும் கத்தோலிக்கரும் பறங்கியரும் நீண்ட காலமாகக் கலந்து வாழ்கிறார்கள். 2005 மேயில் பேருந்து நிலையப் பக்கம் புத்தர் சிலை வைத்த நாட்களிலும், 2025 நவம்பரில் கடற்கரையோரச் சிலை விவகாரத்திலும் சூடு ஏறியது நகரத்தின் நடுவில். அதன் பாதிப்பு எல்லோருக்கும்தான், ஆனால் எங்கள் ஒழுங்கையில் அன்றும் பால்காரர் வந்தார். இது என்றைக்கும் இப்படியே இருக்கும் என்று உத்தரவாதம் தர என்னால் முடியாது.

கிண்ணியா, ஜமாலியா, அபயபுரப் பக்கம் நாங்கள் பார்க்கவில்லை, அதனால் ஒப்பிடவும் முடியாது. அங்கே வாங்கிய தமிழ்க் குடும்பங்கள் எழுதினால் நல்லது. மழைக்கால வெள்ளத்தைப் பற்றியும் எங்கள் ஒழுங்கையை வைத்து மட்டும்தான் சொல்ல முடியும்: தண்ணீர் நிற்கும், வடிந்துவிடும்.

கோணேஸ்வராவிலோ சண்முகாவிலோ பிள்ளைகளைச் சேர்த்துவிட்டு அவசரமாக வீடு தேடுகிறவர்கள், உவர்மலையில் ஒரு வருசம் வாடகைக்கு இருந்துகொண்டு காணி பாருங்கள். ஒரு மாரியும் ஒரு தேர்தலும் கடந்தால் தரகர் காட்டாததும் கண்ணில் படும். அந்த நேரத்தில் ஒரு நொத்தாரிசை உங்கள் செலவில் நீங்களே பிடியுங்கள், விற்பவர் கூட்டிவருகிறவரை நம்பியிருக்க வேண்டாம்.