கணக்கும் கம்ப்யூட்டரும் சேர்ந்த டிகிரின்னு சொன்னாங்க, 42,500 போச்சு

தொண்டியில இருந்து சாயல்குடி வரைக்கும் கடலோரத்துல பிள்ளைய காலேஜுல சேர்க்க நிக்கிறவங்க இதைப் படிச்சிட்டுப் பணம் கட்டுங்க. பேர் போடல. கிழக்குக் கடற்கரைச் சாலையில இருந்து உள்ளே போற, நாலே நாலு டிபார்ட்மென்ட் உள்ள சின்ன சுயநிதிக் கல்லூரி. கூடவே அதுக்கு ஆள் பிடிச்சுக் கொடுக்கிற ஒரு புரோக்கர். போனது தங்கச்சி மகளுக்குக் கட்டின 42,500 ரூபாய்.

நேரம் பார்த்துத்தான் வர்றாங்க. ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகு கரையில கிடக்கும், கையில காசு இருக்காது. பிளஸ் டூ ரிசல்ட் வர்றதும் அப்பத்தான். "இப்ப 25,000 போதும்ணே, கடலுக்குப் போனதும் மீதி 17,500 குடுங்க"ன்னு சொன்னா எந்த வீட்டுல வேணாம்பாங்க?

நம்பினது எந்த இடத்துலன்னு சொல்றேன். நோட்டீஸ்ல "பி.எஸ்சி. கணிதம் மற்றும் கணினி அறிவியல்"னு ஒரே பட்டமா அடிச்சிருந்தாங்க. கணக்குல ரியல் அனாலிசிஸ், அல்ஜீப்ரா பேப்பரெல்லாம் யார் எடுக்கிறாங்கன்னு கேட்டதுக்கு கல்லூரி முதல்வர் தயங்கவே இல்ல. "மதுரையில இருந்து ஒரு மேடம் வர்றாங்க சார், நெட் தகுதித் தேர்வு பாஸ் பண்ணவங்க"ன்னார். லேபைத் திறந்து காட்டினார். 30 கம்ப்யூட்டர், எல்லாத்துக்கும் கவர் போட்டு வரிசையா இருந்துச்சு. கவரைத் தூக்கிப் பார்க்கத் தோணல. டி.சி., மார்க் ஷீட் எல்லாம் ஒரிஜினலா வாங்கி, ஒரு பச்சை ஃபைல்ல போட்டு பீரோவுல பூட்டிட்டு, "இனி நம்ம பிள்ளை சார்"ன்னார். அந்தப் பேச்சுலதான் விழுந்தது.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். அழகப்பா பல்கலைக்கழக இணைவு (அஃபிலியேஷன்) ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனியா வாங்கணும். கல்லூரிக்கு இணைவு இருந்தா போதாது. அங்க கணிதத்துக்கு மட்டும்தான் இருந்துச்சு. கணினி அறிவியல்ங்கிறது கல்லூரியை நடத்துற டிரஸ்ட் லெட்டர்பேடுல அவங்களே அடிச்சுக் குடுக்கிற சான்றிதழ், டிகிரியில அந்தச் சொல்லே வராது. கணிதப் பட்டத்துல சார்புப் பாடமா ஒண்ணு ரெண்டு கம்ப்யூட்டர் பேப்பர் வர்றது வேற, பட்டமே அதுவா இருக்கிறது வேற. பட்டத்துப் பேர் கொஞ்சம் மாறினாலே டி.ஆர்.பி. (ஆசிரியர் தேர்வு வாரியம்) சமயத்துல, இந்தப் பட்டமும் அந்தப் பட்டமும் சமம்னு சொல்ற இணைத்தன்மை அரசாணையைத் தேடி அலையணும். இல்லாத பேருக்கு எந்த அரசாணையைத் தேடுறது?

லேபு கதை இன்னும் மோசம். 30-ல 11தான் ஓடுச்சு. உப்புக்காத்து கம்ப்யூட்டர் மெமரியோட (ராம்) இணைப்புகளை அரிச்சிடும், யு.எஸ்.பி. வாய்க்குள்ள பச்சை பூத்துடும். ஜன்னலைத் திறந்துபோட்ட ரூம்ல மெஷின் எப்படித் தாங்கும்? ஓடினதுலயும் சி மொழிக்கான டர்போ சிங்கிற பழைய மென்பொருள் மட்டும்தான். பைத்தான் மொழி இல்ல, இப்ப சி-க்குப் பயன்படுத்துற ஜி.சி.சி. இல்ல. டர்போ சியில முழு எண்ணுக்கு (இன்ட்) 2 பைட் இடம்தான், 32,767-ஐத் தாண்டினா மைனஸுக்குப் போயிடும். 8 ஃபேக்டோரியல், அதாவது 1-ல இருந்து 8 வரைக்கும் பெருக்கினா, 40,320 வராது, மைனஸ் 25,216 வரும். ஏன்னு சொல்லித் தர ஆள் இருந்தா அதுவே நல்ல பாடம். ஆனா அந்த மதுரை மேடம் வரவே இல்ல.

சீட் வேணாம்னு பணத்தைத் திருப்பிக் கேட்டா, முதல் வாரம் "கரஸ்பாண்டன்ட் ஐயா வெளியூர்". அடுத்த வாரம் "ஆடிட்டர் வரணும்". அப்புறம் "சீட்டை வேணாம்னது நீங்கதானே". புரோக்கர் "அண்ணே, நான் கூட்டிட்டு வந்ததோட சரி"ன்னு சொல்லிட்டு நம்பரை பிளாக் பண்ணிட்டான்.

ரசீதைத் திரும்ப எடுத்துப் பார்த்தப்பதான் வயிறு எரிஞ்சுது. 25,000-க்கு டிரஸ்ட் பேர்ல "நன்கொடை"ன்னு எழுதியிருக்கு. 17,500 ஒரு தனி ஆளோட ஜிபேக்குப் போயிருக்கு, அதுக்கு ரசீதே இல்ல. யு.ஜி.சி.யோட (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 அறிவிப்புப்படி, சேர்க்கையோட கடைசித் தேதிக்கு 15 நாளோ அதுக்கும் மேலயோ முன்னாடி விலகினா, அதிகபட்சம் 5 சதவீதம், அதுவும் 5,000-க்கு மிகாம பிடிச்சுக்கிட்டு மீதியைத் தரணும். ஒரிஜினல் சான்றிதழைப் பிடிச்சு வைக்கவும் கூடாது. இவங்க சொல்றது, "நன்கொடை கட்டணம் ஆகாது". அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அப்படி எழுதினதே! நன்கொடை வாங்கி சீட் குடுக்கிறதைத் தடுக்க 1992-லயே தமிழ்நாட்டுல சட்டம் வந்தாச்சுங்கிறது அவங்களுக்குத் தெரியாதா என்ன.

சின்னக் கல்லூரின்னாலே மட்டம்னு சொல்லல. சிறுசேரியில இருக்கிற சென்னை மேத்தமேட்டிகல் இன்ஸ்டிட்யூட் சின்ன இடம்தான், கணிதமும் கணினி அறிவியலும் ஒரே பட்டமா நிஜமாவே தர்றாங்க. நுழைவுத் தேர்வு வச்சு எடுக்கிறாங்க.

பத்து விஷயம் எழுதணும்னுதான் உட்கார்ந்தேன், இருக்கிற ஆத்திரத்துல வரல. நோட்டீஸை நம்பாதீங்க, அந்தப் படிப்புக்கு இந்த வருஷத்து இணைவுக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்க. காட்டலைன்னா எந்திரிச்சு வந்துடுங்க. கவரைத் தூக்கி மெஷினைப் போட்டுப் பாருங்க. ரசீதுல "கட்டணம்"னு இல்லாம ஒரு ரூபாகூடக் குடுக்காதீங்க. ஒரிஜினலைக் காட்டிட்டு அங்கேயே திருப்பி வாங்கிக்கோங்க, ஜெராக்ஸ் போதும்.

யு.ஜி.சி.யோட இ-சமாதான்ங்கிற புகார் இணையதளத்துல புகார் போட்டாச்சு. நாளைக்குக் காலையில காரைக்குடி பஸ், அழகப்பா பல்கலைக்கழகத்துக்கு. 42,500 இன்னும் கல்லூரிக்காரங்ககிட்டதான் இருக்கு, பச்சை ஃபைலும் அந்த பீரோவுலதான் இருக்கு.