நடிப்பா, இசையா: வன்னிப் பிள்ளைக்கு எது முதலில்?

பாடவும் வரும், நடிக்கவும் வரும் என்றால் கிளிநொச்சிப் பிள்ளை எதை முதலில் பிடிப்பது?

தொலைக்காட்சி என்றால் கொழும்புதான். ஏ9 வீதியால் 300 கிலோமீற்றருக்கு மேல். அறை வாடகை, சாப்பாடு, பஸ் காசு எல்லாம் கைக்காசு. அழைத்தால் வேலை, இல்லாவிட்டால் இல்லை. ஆனால் முகம் ஒருமுறை பதிந்துவிட்டால் அதன் பலன் பெரிது. அமெரிக்கத் தொடரில் மருத்துவராக நடித்துப் புகழ்பெற்ற ஆங்கிலேயர் ஹியூ லோரி, 2011 இல் புளூஸ் பாடல் தொகுப்பு வெளியிட்டபோது அவரை உலகம் ஏற்கெனவே அறிந்திருந்தது.

இசை ஊரிலேயே சோறு போடும். கோயில் திருவிழா, கல்யாண வீடு, பிள்ளைகளுக்கு வகுப்பு. வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைகளை முடித்தவரை நம்பிப் பிள்ளைகளை அனுப்புவார்கள்.

அதோடு நம்மிடம் கூத்து இருக்கிறது. காத்தவராயன் கூத்தில் நடிகரே பாட வேண்டும். ஆர்மோனியம் சுருதி கொடுத்ததும் ஆடிக்கொண்டே வரியை எடுக்க வேண்டும். பிற்பாட்டுக்காரர் அதை வாங்கிப் பாடும் அந்த இடைவெளிக்குள் மூச்சை மீட்டு, முகபாவம் கலையாமல் நிற்க வேண்டும். இதைவிட நல்ல நடிப்புப் பள்ளி எனக்குத் தெரியவில்லை. ஒன்று மட்டும், கூத்தின் பெரிய பாவனை கமெராவுக்குக் கூடிப்போகும். அதை அடக்கத் தனியாகப் பழக வேண்டும். கைபேசியில் எடுத்துப் பார்த்தாலே போதும்.

என் தெரிவு இசைதான் முதலில். வகுப்பு வருமானம் ஓரளவு நிலையானதும் கொழும்புக்குப் போகட்டும், அப்புறம் ஒரு வேடம் கிடைக்காவிட்டாலும் பட்டினியாகத் திரும்ப வேண்டியதில்லை.