பிள்ளைக்கு டெலிபதி இருக்கிறது என்று பணம் கேட்கிறார்கள்: பெங்களூரு பெற்றோர் கவனத்துக்கு

பேச்சு வராத ஆட்டிசம் பிள்ளை உள்ள தமிழ்க் குடும்பங்கள் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள். "உங்கள் பிள்ளை உங்கள் மனதைப் படிக்கிறான், எழுத்துப் பலகை வழியாக அதை வெளியே கொண்டுவருகிறோம்" என்று சொன்ன ஒரு பயிற்சி மையத்தில் என் அக்கா 45,000 ரூபாய் கட்டினாள். அவள் மகனுக்கு ஏழு வயது.

அம்மா ஒரு சொல்லைத் தாளில் எழுதிப் பயிற்சியாளரிடம் காட்ட வேண்டும். பையனுக்குக் காட்டுவதில்லை. பயிற்சியாளர் ஒரு கையில் ஆங்கில எழுத்துப் பலகையைத் தூக்கிப் பிடித்து, மறு கையால் அவன் முழங்கையைத் தாங்குவார். விரல் எழுத்து எழுத்தாகத் தொட்டு அதே சொல்லைச் சொல்லிவிடும். அக்கா அழுதுவிட்டாள். பெற்றவள், அழத்தான் செய்வாள். நான் பையனைப் பார்த்தேன். அவன் கண் மின்விசிறியில் இருந்தது. பலகைதான் விரலைத் தேடி வந்தது.

"இந்தத் தடவை தாளை நீங்கள் பார்க்காதீர்கள் மேடம்" என்று பயிற்சியாளரிடம் சொன்னேன். "சும்மா இருடா" என்று அக்கா கடிந்துகொண்டாள், ஆனாலும் எழுதி மடித்து வைத்துக்கொண்டாள். வந்ததெல்லாம் எதிலும் சேராத எழுத்துகள். "சந்தேகப்படுறவங்க ரூம்ல இருந்தா அவன் மனசு மூடிக்கும் சார்" என்றார் பயிற்சியாளர். அப்புறம் என்னை உள்ளே விடவில்லை.

இது பழைய கதை. கணக்குப் போடும் குதிரை என்று ஜெர்மனியில் கொண்டாடப்பட்ட ஹான்ஸை உளவியலாளர் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் சோதித்து, 1907இல் முடிவை வெளியிட்டார். கேள்வி கேட்பவருக்கே விடை தெரியாதபோது குதிரைக்கும் தெரியவில்லை. 1990களில் அமெரிக்காவில் கை தாங்கி எழுதவைக்கும் முறையைச் சோதித்தார்கள். பிள்ளைக்கு ஒரு படம், தாங்குபவருக்கு வேறு படம். எழுத்தில் வந்தது தாங்குபவர் பார்த்த படம். தன் கைதான் நகர்த்துகிறது என்பது பலருக்குத் தெரியவே இல்லை. அதனால் அந்தப் பயிற்சியாளர் மனதறிந்து பொய் சொன்னார் என்று நான் சொல்லமாட்டேன். சோதிக்க விடாமல் காசு வாங்குவதுதான் என் ஆத்திரம்.

டெலிபதியே கிடையாதா? நம்பிக்கையோடு ஆராய்ந்தவர்தான் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தின் ஜே.பி. ரைன். ஐந்து குறிகள் கொண்ட 25 சீட்டுகளில், குருட்டாம்போக்கில் சொன்னாலே சராசரியாக ஐந்து சரியாகும் என்று கணக்கிட்டுத்தான் அவர் பார்த்தார். சீட்டு கண்ணில் படாமலிருக்கத் திரையும் வைத்தார். சிலர் ஐந்தைவிட அதிகமாகச் சரியாகச் சொன்னார்கள் என்றார். மற்றவர்கள் கட்டுப்பாடுகளோடு செய்தபோது அவர் சொன்ன அளவு கிடைக்கவில்லை. நம்புகிறவர்கள் நம்பட்டும், அந்தத் திரையையாவது கேளுங்கள்.

எல்லாவற்றையும்விட மோசம், "ஸ்பீச் தெரபியை நிறுத்துங்கள், அது டெலிபதியைக் கெடுக்கும்" என்று அவர்கள் சொன்னது. அக்காவும் நிறுத்திவிட்டாள். தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளர் படத்தை எடுத்து நீட்டப் பழகிக்கொண்டிருந்த பிள்ளை அதையும் விட்டுவிட்டான். இப்போது மறுபடி முதலிலிருந்து தொடங்கியிருக்கிறார்கள். மைசூருவிலுள்ள அகில இந்தியப் பேச்சு, செவிப்புலன் நிறுவனம் போன்ற இடங்களில் முறையாகப் பயின்றவர்கள் இருக்கிறார்கள், அங்கே கேளுங்கள்.

ரசீதில் 'நன்கொடை' என்று எழுதிக் கொடுத்துவிட்டு, பணத்தைத் திருப்பித் தர மறுக்கிறார்கள். ஏற்கெனவே கட்டியவர்கள், கட்டணம் என்று குறிப்பிட்டு அவர்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காமல் வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுங்கள்.