எந்தப் பகுதி எந்தத் தொழிலில் கெட்டி: எல்.க்யூ.வா, க்ருக்மன் குறியீடா, ஹெர்ஃபிண்டாலா?

நாட்டின் எந்தப் பகுதி எந்தத் தொழிலில் ஊன்றி நிற்கிறது என்று கேட்டால், பெரும்பாலும் முதலில் கைக்கு வருவது லொகேஷன் கோஷன்ட், சுருக்கமாக எல்.க்யூ. கணக்கு எளிது. ஒரு பகுதியின் வேலைகளில் நெசவு 10 சதவீதம், நாடு முழுக்க 4 சதவீதம் என்றால், 10-ஐ 4-ஆல் வகுக்க 2.5. ஒன்றைத் தாண்டினால் அந்தத் தொழில் அங்கே சராசரியை விட அதிகம், அவ்வளவுதான். (ஏற்றுமதிக்கு பொருளாதார அறிஞர் பேலா பலாசா 1965-ல் கொடுத்த அளவுகோலும் இதே வகுத்தல்தான், ஆட்களுக்குப் பதில் சரக்கு.)

சின்னப் பகுதிகளில்தான் இது காலை வாரும். மொத்தமே 400 பேர் வேலை பார்க்கும் இடத்தில் 40 பேர் கொண்ட ஒரே ஒரு ஆலை இருந்தாலும் 2.5 வந்துவிடும், 50,000 பேரில் 5,000 பேர் நெசவில் இருக்கும் பகுதிக்கும் அதே 2.5. அந்த ஒரு ஆலை மூடினால் முதல் பகுதி மறுநாளே பூஜ்யம். அதனால் பக்கத்தில் ஆள் எண்ணிக்கை போடாத எல்.க்யூ. அட்டவணையை நான் நம்புவதில்லை. ஒரு தொழில் ஓரிடத்தில் குவிந்திருப்பது ஒரு பெரிய ஆலையாலா, பல ஆலைகள் கூடியதாலா என்று பிரித்துப் பார்க்க பொருளாதார அறிஞர்கள் எலிசனும் கிளேசரும் 1997-ல் ஒரு குறியீடு கொடுத்தார்கள். நல்ல கருவிதான், ஆனால் ஆலைகளின் அளவு தெரிந்தால்தான் போட முடியும்.

சரி, தனித்தனித் தொழிலாக வேண்டாம், பகுதி மொத்தமாக நாட்டிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று தெரிய வேண்டுமா? அதற்குத்தான் பொருளாதார அறிஞர் பால் க்ருக்மன் 1991-ல் பயன்படுத்திய குறியீடு. நெசவு, இயந்திரம், தோல் மூன்றும் ஒரு பகுதியில் 60, 30, 10 சதவீதம். நாட்டில் 40, 30, 30. வித்தியாசங்களைக் குறி பார்க்காமல் கூட்டினால் 0.4. அதில் பாதி, அதாவது 20 சதவீதம் பேர் தொழில் மாறினால் அந்தப் பகுதி நாட்டைப் போலவே ஆகிவிடும். இப்படிச் சொன்னால் யாருக்கும் புரியும், அதனாலேயே எனக்கு இது பிடிக்கும்.

மூன்றாவது ஹெர்ஃபிண்டால் குறியீடு. இது நாட்டோடு ஒப்பிடாமல், பகுதியில் ஒவ்வொரு தொழிலுக்கும் உள்ள பங்கை வர்க்கப்படுத்திக் கூட்டும். மேலே சொன்ன பகுதிக்கு 0.46. அதையே தலைகீழாக்கி 10, 30, 60 என்று வைத்தாலும் அதே 0.46தான், ஆனால் க்ருக்மன் குறியீடு 0.6 ஆகிவிடும். ஒரே தொழிலை நம்பியிருக்கிறதா என்று பார்க்க ஹெர்ஃபிண்டால் போதும், மற்றவர்களிடமிருந்து எப்படி வேறுபடுகிறது என்பதற்கு உதவாது.

அப்புறம், எந்தக் குறியீட்டை எடுத்தாலும் தொழில்களை எப்படிப் பிரித்திருக்கிறார்கள் என்பதை முதலில் பாருங்கள். அதே 60, 30, 10-ல் நெசவையும் தோலையும் ஒரே தலைப்பில் சேர்த்துவிட்டால் 70, 30. நாட்டுக்கும் 70, 30. க்ருக்மன் குறியீடு 0.4-லிருந்து நேராகப் பூஜ்யம். ஒரு ஆள்கூட வேலை மாறவில்லை.