போன்ல மாட்டுற மேக்ரோ லென்ஸ்: பட்டாம்பூச்சிக்கு வேஸ்ட், புழுவுக்கு சூப்பர்

சின்னச் சின்னதை கிட்டப் போய் பெருசா படம் எடுக்க, 650 ரூபாய் குடுத்து ஆன்லைன்ல வாங்குன கிளிப் லென்ஸுங்க. 15எக்ஸ்னு டப்பா மேல போட்டிருந்துச்சு, கூட ஒரு துணிப்பை, அவ்ளோதான். ஐப்பசில மழை கொஞ்சம் விட்டா சமவெளில இருந்து நம்ம மலைக்கு பட்டாம்பூச்சி கூட்டங்கூட்டமா வருமே, ப்ளூ டைகர், டார்க் ப்ளூ டைகர், காமன் க்ரோன்னு எல்லாம் கலந்து, அதை இந்த வருஷமாவது ஒழுங்கா எடுக்கணும்னுதான் வாங்குனேன்.

குன்னூர்ல பஸ் ஏறி பர்லியார்ல எறங்கிட்டேன். ரோட்டோரம் காஞ்ச கிலுகிலுப்பைச் செடில டார்க் ப்ளூ டைகர் கொத்துக்கொத்தா தொங்குது (ப்ளூ டைகருக்கு நீலக்கோடு பட்டையா இருக்கும், இதுக்கு ஒல்லி, பார்த்தா கருகருன்னு இருக்கும்). கிலுகிலுப்பைல இருக்கற ஆல்கலாய்டுங்கற கசப்பு ரசாயனத்தை உறிஞ்சித்தான் ஆண் பூச்சிங்க பொண்ண மயக்குற வாசனையே தயார் பண்ணுது, பறவைங்க தொடாம இருக்கவும் அதான் காவல், அதனால உக்காந்துச்சுன்னா லேசுல எந்திரிக்காது. அந்த தைரியத்துலதான் கிட்ட போனேன்.

இங்கதான் சிக்கல். இந்த லென்ஸ் ஃபோகஸ் ஆகணும்னா ரெண்டு மூணு சென்டிமீட்டர் கிட்ட போகணும், அதுக்குள்ள போன் நிழல் மேல விழுந்து பறந்துருது. போன் கவரையும் கழட்டணும், அப்பவும் மூணு கேமரால எதுக்கு நேரா கிளிப்பை மாட்றதுன்னு தடவணும், சரியா மாட்டி முடிச்சா போன் தானா வேற கேமராவுக்கு மாறிக்குது. எடுத்தது 23 படம், 19ல வெறும் செடி. ஒண்ணே ஒண்ணுல கருப்புத் தலைல வெள்ளைப் புள்ளிங்க கோலத்துக்கு வச்ச மாதிரி வரிசையா தெரிஞ்சுது, ஆனா றெக்கை முழுக்க புகை.

டீக்கடை அண்ணன் பார்த்துட்டே இருந்துட்டு, "ஏனுங்க தம்பி, அது பாட்டுக்கு திங்குது, மூஞ்சிக்கு நேரா போனை நீட்டுனா ஓடாம என்ன பண்ணும்"னாரு. நியாயந்தான். லென்ஸை கழட்டிட்டு மூணடி தள்ளி நின்னு, சும்மா ரெண்டு மடங்கு ஜூம் வச்சு, வெயிலுக்கு றெக்கைய விரிச்சப்ப படபடன்னு எடுத்தேன், அதுல நாலு படம் அருமையா வந்துச்சு. இதுக்கு நடுவுல துணிப்பைய குரங்கு தூக்கிட்டுப் போயிருச்சு, அதுக்கு கம்பெனிய குறை சொல்ல முடியாது.

தூக்கிப் போட்டுரலாம்னுதான் இருந்தேன். வீட்டு அரளிச்செடில காமன் க்ரோ புழு இருக்குன்னு அக்கா பொண்ணு கூப்பிட்டா. இது ஓடாதே! நாலு ஜோடி கருப்புக் கொம்பு, இலைய ஓரத்துல இருந்து அரம் மாதிரி கடிக்கறது, எல்லாம் அப்பட்டமா வந்துச்சு, காலைல வெயில் சாய்வா அடிக்கறப்ப எடுத்தா இன்னும் சுத்தம். அப்புறம் அது கூட்டுப்புழுவா தொங்குச்சு பாருங்க, தேய்ச்சு வச்ச எவர்சில்வர் டம்ளர் தோத்துரும். படத்தை பெருசாக்கிப் பார்த்துட்டு, "மாமா, இதுல நீங்களும் போனும் தெரியறீங்க"ன்னா.

அதனால பறக்கறதுக்கு 1 ஸ்டார், ஊர்றதுக்கும் தொங்குறதுக்கும் 4. கிளிப் ரப்பர் ஒரு மாசத்துலயே தளர்ந்துருச்சு, இல்லேன்னா 5 குடுத்திருப்பேன். அரளிகிட்ட எடுக்கறவங்க கைய கழுவிட்டு டீ குடிங்க, அந்தப் பால் விஷம்.