தொடைமேல் டேப்லெட்: காக்பிட்டில் மூன்று வருடம்

நான் வைத்திருக்கும் டேப்லெட் விலை குறைந்திருக்கிறதாம். என்னோடு பறக்கும் நண்பர் "வாங்கலாமா?" என்று கேட்டார். மெல்பர்னின் மூராபின் விமான நிலையத்திலிருந்து சிறு விமானம் ஓட்டுகிறேன். மூன்று வருடமாக அது என் தொடையில் பட்டி போட்டுக் கட்டியபடிதான் இருக்கிறது.

வரைபடம் அருமை. நாம் இருக்கும் இடம் கூடவே நகர்ந்து வரும். காகிதத்தை மடித்து மடித்துத் தேடும் வேலையே இல்லை. பேட்டரியையும் குறை சொல்ல முடியாது. இரவில் வெளிச்சத்தை அடிமட்டத்துக்குக் குறைத்தால் கண்ணுக்கு அவ்வளவு இதம்.

கோபமெல்லாம் பகலில்தான். திரையின் உச்ச வெளிச்சம் 500 நிட் (ஒரு பரப்பு எவ்வளவு பளிச்சென்று தெரிகிறது என்பதற்கான அலகு). உச்சி வெயில் நேராக விழும் வெள்ளைச் சட்டையோ சுமார் 25,000 நிட் அடிக்கும். அதில் 4 சதவீதத்தைத் திரையின் கண்ணாடி என் கண்ணுக்குத் திருப்பி அனுப்பினாலே 1,000 நிட். வரைபடத்தைவிடச் சட்டை இரண்டு மடங்கு பளிச்சென்று தெரிந்தால் எதைப் படிப்பது? விமானத்தின் முன்பேனலில் பொருத்திய திரைக்கு இந்தத் தொல்லை குறைவு. அது நிமிர்ந்து நிற்கிறது, அதன் மேல் கறுப்பு மறைப்பும் உண்டு. தொடையில் கிடப்பதற்கு அப்படி எதுவும் இல்லை.

பளபளப்பில்லாத மேட் ஃபிலிம் ஒட்டிப் பார்த்தேன். சட்டையின் பிம்பம் போனது, பதிலுக்குத் திரை முழுக்க வெள்ளைப் புகை படர்ந்தது. போலரைஸ்டு கூலிங் கிளாஸ் போட்டால் இன்னும் மோசம்: எல்சிடி திரையின் ஒளியே போலரைஸ் ஆனது, அதாவது ஒரே திசையில் அதிர்வது; அந்தக் கூலிங் கிளாஸும் ஒரு திசை ஒளியைத்தான் விடும் என்பதால், டேப்லெட்டைப் படுக்கவாட்டில் திருப்பியதும் திரை கறுத்துவிடும். சாதாரணக் கூலிங் கிளாஸுக்கு மாறினேன். அப்புறம் கருநீலச் சட்டைக்கும். உண்மையில் உதவியது அந்தச் சட்டைதான்.

என்னால் பொறுக்க முடியாதது வேறு. வெயிலில் சூடேறினால் டேப்லெட் தானாகவே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்கிறது. அதிக வெளிச்சம் வேண்டிய அதே நேரத்தில்! போன கோடையில் பிலிப் தீவிலிருந்து மாலையில் திரும்பினேன். இடப்பக்க ஜன்னல் வழியே ஒரே வெயில். கேரம் என்ற கடலோரப் பகுதி நெருங்குகிறது, மூராபினுக்கு வரும் மற்ற விமானங்களும் கூடும் இடம் அது. தலைக்கு மேல் கட்டுப்பாட்டு வான்வெளி, அதாவது அனுமதியின்றி நுழையக் கூடாத பகுதி, எந்த உயரத்தில் தொடங்குகிறது என்று பார்க்கக் குனிந்தேன். மங்கல் திரையில் என் முகம்தான் தெரிந்தது. வெளியே பார்த்திருக்க வேண்டிய கண், கையால் நிழல் கட்டிக்கொண்டு ஒரு எண்ணைத் தேடியது. சில நொடிகள்தான், ஆனால் அந்த நொடிகளை நான் மறக்கவில்லை.

விலை பாதியானாலும் வேண்டாம் என்று நண்பரிடம் சொல்லிவிட்டேன். சனிக்கிழமை பறக்கிறேன். அதே டேப்லெட்தான், பக்கத்து இருக்கையில் காகித வரைபடமும் விரித்தபடி இருக்கும்.