மரம் நிற்கிறது, ஒயரிங் நிற்கவில்லை: ஒரு ஸ்ட்ராட் வகை கிட்டாருடன் பல ஆண்டுகள்

2017இல் வாங்கிய ஸ்ட்ராட் வகை (ஃபெண்டர் நிறுவனத்தின் ஸ்ட்ராட்டோகாஸ்டரைப் பின்பற்றிய) எலெக்ட்ரிக் கிட்டார் இது. இதைத் தயாரித்த நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இதே விலையில் கிடைக்கும் பல கிட்டார்களின் உட்புறமும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். மெல்லிசைக் கச்சேரிகளுக்கும் வீட்டுப் பயிற்சிக்கும் இதையே வாசித்து வருகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். நெக் (கிட்டாரின் கழுத்து) திருகிக்கொள்ளவில்லை. மழைக்காலத்தில் சற்று வளையும், அதனுள் ஓடும் உலோகத் தண்டான ட்ரஸ் ராடைக் கால் சுற்று திருப்பினால் சரியாகிவிடும். நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளான ஃப்ரெட்டுகள் தேய்ந்திருக்கின்றன, இத்தனை வாசிப்புக்கு அது நியாயம்தான். ட்யூனிங் பிடிமானத்திலும் குறையில்லை. மரவேலை செய்தவர்கள் மனசாட்சியோடு செய்திருக்கிறார்கள். சிக்கனம் பிடித்தது முன்புறத்தை மூடும் தகடான பிக்கார்டுக்கு அடியில்தான், எனக்கு வந்த தொல்லை அத்தனையும் அங்கிருந்தே வந்தது.

கம்பிகளின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் பிக்கப்புகள் இதில் மூன்று, எது ஒலிக்க வேண்டும் என்பதை ஐந்து நிலை ஸ்விட்ச் தேர்ந்தெடுக்கும். பெரிய தொல்லை, நெக்கை ஒட்டியிருக்கும் நெக் பிக்கப் ஊமையானது. ஸ்விட்ச்சை நெக் பிக்கப் மட்டும் ஒலிக்க வேண்டிய ஐந்தாம் நிலைக்குத் தள்ளினால் சத்தமே இல்லை. நான்காம் நிலையில் நடு பிக்கப்பும் நெக் பிக்கப்பும் சேர்ந்து ஒலிக்க வேண்டும், ஆனால் நடு பிக்கப் மட்டும் ஒலிக்கும் மூன்றாம் நிலையில் கேட்கும் அதே ஒலிதான் வந்தது. பழுது பார்க்கும் கடைக்காரர் ஒன்றிரண்டு முறை தட்டிப் பார்த்துவிட்டு, "பிக்கப் போய்விட்டது சார், மூன்றையும் செட்டாக மாற்றிவிடலாம்" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று கிட்டாரைத் திரும்ப எடுத்து வந்தேன்.

பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றி மயிரிழை போன்ற தாமிரக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றிய சுருள், அவ்வளவுதான். அதில் தேய்வதற்கு அசையும் பாகம் எதுவும் இல்லை. கம்பி அறுந்தால் போகும், வியர்வையும் ஈரமும் உள்ளே இறங்கி அரித்தாலும் போகும். அப்படி நடப்பதுண்டு, ஆனால் அபூர்வம். அடிக்கடி போவது கேபிளைச் செருகும் ஜாக், ஸ்விட்ச், ஒயர்களை இணைக்கும் ஈயப் பற்று. மூன்றுமே மலிவான சாமான்கள்.

எதையும் கழற்றாமலே பாதி உண்மையைக் கறந்துவிடலாம். கிட்டாரில் கேபிளைச் செருகி, வால்யூமை முழுதாகத் திறந்து வைத்து, மல்டிமீட்டரை மின்தடைக்கான 20 கிலோ ஓம் அளவில் வையுங்கள். கேபிளின் மறுமுனையில் நுனிக்கு மீட்டரின் ஒரு கம்பி, உடல் பகுதிக்கு இன்னொன்று. சிங்கிள் காயில் பிக்கப் பொதுவாக ஐந்தரை முதல் ஏழு கிலோ ஓம் வரை காட்டும். இரண்டு பிக்கப் சேர்ந்து ஒலிக்கும் நிலைகளில் அளவு பாதியாகக் குறையும், அவை இணையாக இணைக்கப்பட்டிருப்பதே காரணம். என் கிட்டாரில் முதல் மூன்று நிலைகளும் ஒழுங்காக இருந்தன. நான்காம் நிலை 3 காட்டுவதற்குப் பதில் 6ஐ ஒட்டி நின்றது. ஐந்தாம் நிலையில் மீட்டர் அளவைத் தாண்டிவிட்டது. அளவை 2 மெகா ஓமுக்கு மாற்றியதும் 250 கிலோ ஓமை ஒட்டிய எண் வந்தது. அது வால்யூம் பாட்டின் (வால்யூம் குமிழுக்கு அடியில் உள்ள பொட்டென்ஷியோமீட்டரின்) சொந்த மின்தடை. அதாவது நெக் பிக்கப் சர்க்யூட்டிலேயே இல்லை.

இதற்குப் பிறகுதான் பிக்கார்டின் திருகுகளைக் கழற்றினேன். நெக் பிக்கப்பின் ஒயர் ஸ்விட்ச்சின் காதில் (ஒயரை இணைக்கும் சிறு உலோக நாக்கில்) பற்றவைக்கப்பட்டிருந்தது. மீட்டர் முனையைக் காதில் வைத்தால் ஒன்றுமில்லை. அங்கிருந்து அரிசி மணி அளவு தள்ளி, ஒயரின் வெற்றுத் தாமிரத்தில் வைத்தால் 5.8. பிக்கப்பின் உயிருக்குக் குறையில்லை! ஈயம் பளபளப்பில்லாமல் சாம்பல் நிறத்தில் குமிழாக உறைந்திருந்தது, ஒயரை அசைத்தால் அதற்குள்ளேயே அது ஆடியது. தொழிற்சாலையில் போதிய சூடு கொடுக்காமல் வைத்த பற்று. இத்தனை நாள் ஒலித்ததே ஆச்சரியம்.

பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்து, ஃப்ளக்ஸ் (பற்று நன்றாகப் பிடிக்க உதவும் பொருள்) உள்ள 60/40 ஈயத்தால் மறுபடி பற்றவைத்ததும் நெக் பிக்கப் பேசியது. ஸ்விட்ச் காதுக்கு 25 வாட் சால்டரிங் அயர்ன் போதும். பாட்டின் முதுகில் கிரவுண்ட் ஒயரை ஒட்டுவதற்கு அது போதாது, அந்த உலோகம் சூட்டையெல்லாம் குடித்துவிடும். 40 வாட்டாவது வேண்டும்.

ஸ்விட்ச்சையும் பின்னாளில் மாற்ற வேண்டியிருந்தது. திருவான்மியூரின் உப்புக்காற்று மலிவான தொடுமுனைகளை விட்டுவைப்பதில்லை, காண்டாக்ட் கிளீனர் அடித்தால் சில மாதம் தாங்கும். மூடிய பெட்டி வகையை எடுத்துவிட்டு சென்னையின் மின்னணுச் சாமான் சந்தையான ரிச்சி தெருவில் வாங்கிய திறந்த வகையைப் பொருத்தினேன். 1954இல் வந்த அசல் ஸ்ட்ராட்டில் மூன்று நிலை ஸ்விட்ச்சுதான் இருந்தது. வாசிப்பவர்கள் அதை இரண்டு நிலைகளுக்கு நடுவே நிறுத்திப் புதிய ஒலியைக் கண்டுபிடித்தார்கள். ஃபெண்டர் நிறுவனம் 1977இல்தான் ஐந்து நிலை ஸ்விட்ச்சைக் கொடுத்தது. நான் மெல்லிசையில் பெரும்பாலும் நான்காம் நிலையிலேயே இருப்பவன் என்பதால் அந்தக் குறும்புக்காரர்களுக்குக் கடன்பட்டிருக்கிறேன்.

ஜாக் பற்றியும் ஓர் எச்சரிக்கை. நட் தளர்ந்த பிறகும் கேபிளைச் செருகி உருவிக்கொண்டிருந்தால் ஜாக் முழுதாகச் சுழலும், உள்ளே ஒயர்கள் முறுக்கிக்கொள்ளும். சிக்னல் ஒயர் அறுந்தால் ஆம்ப் உறுமும். அறுந்த இழை கிரவுண்டைத் தொட்டுவிட்டால் உறுமல்கூட இருக்காது, மீட்டர் பூஜ்யத்தை ஒட்டி நிற்கும். எந்த வகை மௌனம் என்று காது கொடுத்துக் கேட்டாலே எங்கே தேடுவது என்பது தெரிந்துவிடும்.

கிட்டாரின் கம்பிகளைத் தொட்டதும் உறுமல் குறைந்தால் பயப்பட வேண்டாம், ஒயரிங் சரியாக இருக்கிறது என்று பொருள். தொட்டாலும் விட்டாலும் ஒரே மாதிரி உறுமினால், பின்புறம் ஸ்பிரிங்குகளைப் பிடித்திருக்கும் உலோகத் தகட்டுக்குப் போகும் கிரவுண்ட் ஒயரைப் பாருங்கள். அந்த ஒயர் வழியாகக் கம்பிகள் ஆம்பின் உலோகச் சட்டத்தோடு இணைந்திருக்கின்றன. எர்த் இல்லாத பந்தல் மின் இணைப்பில் வாசிக்கும்போது மைக்கில் உதடு பட்டு ஷாக் அடிப்பது இதனால்தான். அதற்குக் கிட்டாரைக் குறை சொல்லிப் பயனில்லை, அந்த ஒயரை வெட்டிவிடுவதும் தீர்வாகாது. மின் இணைப்பைச் சரிசெய்யும்வரை வாசிக்காமல் இருப்பதே நல்லது.

மறுபடி இதையே வாங்குவேனா? வாங்குவேன். ஆனால் வாங்கிய வாரத்திலேயே ஜாக், ஸ்விட்ச், வால்யூம் பாட் மூன்றையும் மாற்றிவிடுவேன். மூன்றும் சேர்ந்தாலும் ஒரு நல்ல பிக்கப் செட்டின் விலையில் சிறு பங்குதான். பிக்கப்புகள் கிட்டாரோடு வந்தவையே இன்னும் இருக்கின்றன. இரண்டாவது டோன் பாட் கரகரக்கிறது. நான் அதைத் திருப்புவதே இல்லை என்பதால் அப்படியே விட்டிருக்கிறேன்.